முன் டிக்கியில் மாமனார் பல்

மாமனாருக்குக் கல்யாணம், லீவு வேண்டும் என்று பல்செட்காரர் கேட்டபோது, அவர் வேலை பார்க்கும் பல் லேபின் முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“மச்சானுக்குன்னு சொல்ல வந்தீங்களா?”

“இல்லம்மா. மாமனாருக்கேதான்.”

முதலாளியம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு லீவு கொடுத்தார்.

மாமனார் ரேடியோவில் செய்தி வாசித்து ஓய்வு பெற்றவர். வீட்டில் உப்புக் கேட்டால்கூட நாட்டுக்கே அறிவிப்பது போலத்தான் கேட்பார். மனைவியை இழந்தபின் மகள் வீட்டு மாடி அறைக்கு வந்துசேர்ந்தவர், முழங்கால் வலிக்கு டாக்டர் சொன்னாரென்று நீச்சல் குளத்துக்குப் போனார். முழங்கால் வலி போனதோ இல்லையோ, நீச்சல் டீச்சர் மனசுக்குள் வந்துவிட்டார். டீச்சரும் தனியாள்தான். இருவரும் பேசி முடிவெடுத்து மகளிடம் வந்து சொன்னபோது, மகள், “அப்பா, நான் என்ன கலர்ல புடவை எடுக்கிறது?” என்று கேட்டாள். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

முடியாமல் நின்றது பல் விஷயம்தான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாமனார் வாஷ்பேசின் கண்ணாடி முன் நின்று, பதிவாளர் முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தும்மல் வந்தது. மேல் செட் பேசினில் விழுந்து இரண்டாகப் பிளந்தது. எடுக்கக் குனிந்தவரின் வாயிலிருந்து கீழ் செட்டும் நழுவித் தரையில் சிதறியது. குரலாலேயே வாழ்ந்த மனிதர். அந்த நிமிஷத்திலிருந்து வாயைத் திறக்கவில்லை. ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை என்று மேஜையோடு பேச ஆரம்பித்தார். டீச்சரின் போனையும் எடுக்கவில்லை.

“கவலைப்படாதீங்க மாமா. புது செட் நான் பண்ணித் தர்றேன்” என்றார் பல்செட்கார மாப்பிள்ளை. மாமனார் மேஜையை ஒரு தட்டு தட்டினார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை வருடத்தில் மாமனாருக்கென்று அவர் செய்து கொடுக்கப்போகும் முதல் காரியம். லேபில் மற்ற வேலையையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உட்கார்ந்தார். உடைந்த செட்டுக்கு எடுத்த பழைய அச்சு இருந்ததால் அளவு பார்க்கும் வேலை மிச்சம். மெழுகில் பல்லை அடுக்கி, வார்த்து, தேய்த்து, மெருகேற்றி எடுத்தபோது, அவருக்கே ஆசையாக இருந்தது. தண்ணீர் ஊற்றிய சின்ன டப்பாவில் போட்டு மூடி, கல்யாணக் கேக்கையும் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது மனைவி போனில் சொன்னாள்:

“ஏங்க, கேக்கும் பல்லும் பக்கத்துப் பக்கத்துல வேண்டாம். யாராவது மாத்தித் திறந்து தொலைப்பாங்க.”

கேக் பின்சீட்டில் போயிற்று. பல் முன் டிக்கியில் போயிற்று. அது கரண்டில் ஓடும் கார்; எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் பானெட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பெட்டி மாதிரி இடம். வீட்டுக்கு வந்தவர் கேக்கை மட்டும் கவனமாக இறக்கிப் பிரிட்ஜில் வைத்தார். மாமனார் தூங்கிப் போயிருந்தார். காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று இவரும் படுத்துவிட்டார்.

காலையில் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். ரிமோட்டை அமுக்கினார். கார் கண் சிமிட்டவில்லை. மறுபடி அமுக்கினார். காரைச் சுற்றிவந்து அந்தப் பக்கத்திலிருந்து அமுக்கினார். ரிமோட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் குட்டிச் சாவியால் கதவைத் திறந்து உட்கார்ந்தால், நடுவிலிருக்கும் பெரிய திரை கரும்பலகை போல இருந்தது.

“என்ன ஆச்சு?” மனைவி தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

“சின்ன பேட்டரி செத்துப்போச்சு போலிருக்கு.”

“பேட்டரியிலதானே இந்த வண்டியே ஓடுது? வீட்டை விடப் பெரிய பேட்டரின்னு பெருமை அடிச்சீங்களே!”

“அது வண்டி ஓட்ட. கதவு, திரை, பூட்டு இதுக்கெல்லாம் தனியா ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதுதான் போயிருக்கு.”

“திடீர்னா போச்சு?”

மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைத் திருகினார். ஒரு வாரமாகத் திரையில் ‘சின்ன பேட்டரியை மாற்றவும்’ என்று எழுத்து வந்துகொண்டுதான் இருந்தது. இவரும் கொசுவை விரட்டுவது போல அதை விரலால் தள்ளிவிட்டுக்கொண்டுதான் இருந்தார். அதை இப்போது சொல்வது உசிதமாகப் படவில்லை.

“சரி விடுங்க, வாடகை வண்டியில போயிக்கலாம். பல்லை எடுத்துட்டு வாங்க. அப்பா கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு.”

“பானெட்டைத் திறக்கணும்.”

“திறங்க.”

“அதைத் திறக்கிற பொத்தான் திரைக்குள்ள இருக்கு. திரைக்குக் கரண்ட் வேணும். கரண்ட் கொடுக்கிற பேட்டரி பானெட்டுக்குள்ள இருக்கு.”

மனைவி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இந்த வண்டியைச் செஞ்சவன் வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளயே வெச்சுப் பூட்டுறவனா இருப்பான்” என்றாள்.

வழிகாட்டிப் புத்தகமும் திரைக்குள்தான் இருந்தது. கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் போட்டார். எடுத்த பெண் பதற்றமே இல்லாமல் பேசினாள். ஆள் அனுப்பலாம், ஆனால் மத்தியானம்தான் வர முடியும். பானெட் மட்டும் திறந்தால் போதுமென்றால் அவசர வழி ஒன்று உண்டு. முன் பம்பரில் வட்டமாக ஒரு மூடி இருக்கும், வண்டியைக் கட்டி இழுக்கும்போது கொக்கி மாட்டுகிற இடம். மூடியை நெம்பி எடுத்தால் உள்ளே சிவப்பாய் ஒரு வயர், கறுப்பாய் ஒரு வயர். அதற்குப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால் பூட்டு மட்டும் விடுபடும்.

“பன்னிரண்டு வோல்ட்டுக்கு நான் எங்க போறது?”

“பக்கத்துல வேற ஏதாவது வண்டி நின்னா அந்த பேட்டரியில இருந்து எடுக்கலாம் சார்.”

தெருவில் வண்டியே இல்லை. எல்லாரும் வேலைக்குப் போயாகிவிட்டது. எதிரே முடிவெட்டும் கடைக்காரர் கடை திறந்து கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்; அவரிடம் இருந்தது சைக்கிள். மாப்பிள்ளை ஸ்பூன் காம்பால் மூடியை நெம்பினார். சொன்னபடியே இரண்டு வயர்கள் சுருண்டு கிடந்தன. டார்ச்சிலிருந்த இரண்டு பேட்டரியைக் கொண்டுவந்து தொட்டுப் பார்த்தார். பானெட் கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்தது. மேலே மாடி ஜன்னலில், கோட்டும் டையுமாக மாமனார் நின்று, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணைச் சந்திக்க மாப்பிள்ளைக்குத் துணிச்சல் வரவில்லை. ‘ஒரு நாள், ஒரே ஒரு நாள், இந்த மனுஷனுக்கு உபயோகமா இருந்திருக்கக் கூடாதா நான்’ என்று நொந்துகொண்டார்.

அப்போதுதான் தெருமுனையிலிருந்து நடந்து வந்தார் நீச்சல் டீச்சர். நீலப் புடவை, தோளில் பை. விசில் மட்டும் இருந்தால் குளத்துக்குப் போகிறார் என்றே நினைக்கலாம். அப்படி ஒரு நடை.

“ரெண்டு நாளா போன் எடுக்கலை. மனசு மாறிட்டாருன்னா நேர்ல சொல்லட்டும், கேட்டுட்டுப் போறேன்” என்றார். குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் பையின் வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

“ஐயையோ, அப்படியெல்லாம் இல்ல அத்தை!” மாப்பிள்ளை பதறிவிட்டார். அத்தை என்று அழைத்தது அவருக்கே பிறகுதான் உறைத்தது. “மாமாவோட பல் உடைஞ்சுபோச்சு. புதுப் பல் இந்த வண்டிக்குள்ள மாட்டிக்கிச்சு. பன்னிரண்டு வோல்ட் கிடைச்சாத்தான் பல் வெளிய வரும்.”

டீச்சர் இதை ஒருமுறை மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது போல உதட்டை அசைத்தார். பிறகு நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். மாமனார் படக்கென்று திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார். கோட்டின் ஓரம் மட்டும் தெரிந்தது.

“பல்லுக்காகவா ஒளியுறீங்க?” என்று டீச்சர் கீழிருந்து கேட்டார்.

என்ன நினைத்தாரோ, மாமனார் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். கைக்குட்டையை எடுத்தார். தெருவே கேட்க வாயைத் திறந்தார்.

“ழேழியோழ எழ்ழு பேழ்ழழி இழுக்கு!”

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். மனைவி அப்பாவைப் பார்த்தாள். இத்தனை ழகரம் அந்த வீட்டில் ஒரே மூச்சில் ஒலித்ததில்லை. எதிர்க்கடைக்காரர் துணியோடு வாசலுக்கு வந்துவிட்டார்.

“என்னப்பா? யாரு அழுறா?” என்று மனைவி மேலே பார்த்துக் கேட்டாள்.

“எழ்ழு! பேழ்ழழி!” மாமனாருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“ரேடியோல எட்டு பேட்டரி இருக்குங்கிறாரு” என்றார் டீச்சர் சாதாரணமாக.

“உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?”

“வாய் நிறையத் தண்ணியோட பேசுறவங்ககூடத்தாம்மா என் பொழப்பே. அதுக்கு இது எவ்வளவோ தெளிவு.”

மாப்பிள்ளை அதற்குள் மாடிப்படியில் இருந்தார். மாமனாரின் பெரிய ரேடியோ; கரண்ட் போனாலும் செய்தி நிற்கக் கூடாது என்று அதில் குண்டு பேட்டரிகளைப் போட்டே வைத்திருப்பார். ஒன்று ஒன்றரை வோல்ட். எட்டும் வரிசையாகச் சேர்ந்தால் சரியாகப் பன்னிரண்டு! மாமனாரே முதுகு மூடியைக் கழற்றிப் பேட்டரிகளைத் தயாராக மடியில் வைத்திருந்தார். “மாமா, நீங்க மூளைக்காரர்” என்றார் மாப்பிள்ளை. மாமனார் ஜன்னல் கட்டையை ஒரு தட்டு தட்டினார்.

மனைவி செய்தித்தாளை விரித்துப் பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படுக்க வைத்து உருட்டி, டேப் சுற்றினாள். சப்பாத்திக் கட்டையை விட நீளமான ஒரு தடி ஆயிற்று. பழைய மேஜை விளக்கின் வயரை வெட்டி, முனைகளைச் சீவி எடுத்தார் மாப்பிள்ளை. தடியின் ஒரு முனையில் மனைவி வயரை வைத்து அழுத்தினாள். மறுமுனையில் டீச்சர். பம்பர் முன்னால் புதுச் சட்டையோடு மண்டியிட்டு, சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் தொட்டார் மாப்பிள்ளை.

ஒன்றும் நடக்கவில்லை.

“நல்லா அழுத்துங்க.”

“இதுக்கு மேல அழுத்தினா தடி வளைஞ்சிடும். நீங்க சரியாத் தொடுங்க.”

“தொட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்!”

“பிரிச்சுப் பாத்துடலாமே” என்றார் டீச்சர். டேப்பைக் கிழித்துப் பார்த்தால், நடுவில் ஒரு பேட்டரி மற்றவற்றுக்கு எதிர்த் திசையில் தலை வைத்துப் படுத்திருந்தது. சுற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை. மனைவி மட்டும், “பேப்பரை ஆட்டினது நீங்கதான்” என்று பொதுவாகச் சொல்லிவைத்தாள்.

மறுபடி உருட்டி, மறுபடி அழுத்தினார்கள். மாப்பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டு வயரைத் தொட்டார்.

டக்!

பானெட் விரலளவு எழும்பி நின்றது. எதிர்க்கடைக்காரர் கைதட்டினார். மாப்பிள்ளை பானெட்டைத் தூக்கி, டப்பாவை எடுத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தண்ணீருக்குள் இரண்டு வரிசைப் பல்லும் பத்திரமாக இருந்தன. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. டப்பாவை டீச்சரிடம் நீட்டினார். “நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க அத்தை.”

டீச்சர் மாடிக்குப் போனார். என்ன பேசிக்கொண்டார்களோ, கீழே கேட்டதெல்லாம் டீச்சரின் சிரிப்பும், பிறகு அறையே அதிர்வது போல அந்தப் பழைய ரேடியோக் குரலும்தான்: “மாப்பிள்ளை, கச்சிதமாப் பொருந்தியிருக்கு!” மாப்பிள்ளை காரின் மேல் சாய்ந்துகொண்டார்.

வாடகை வண்டியில் நால்வரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து, பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் முழங்காலில் மண், மனைவியின் விரலில் டேப் பசை.

பதிவாளர் அம்மாள் மாமனாரைப் பார்த்து, “இந்தத் திருமணத்துக்கு உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டார்.

மாமனார் கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

“முழுச் ச்ச்சம்மதம்” என்றார். அந்தச் சகரம் வரும்போது புதுப் பல்லின் இடையிலிருந்து நீளமாக ஒரு விசில் கிளம்பி, அறையைச் சுற்றிப் போயிற்று. பின்வரிசையில் காத்திருந்த இன்னொரு ஜோடி கொல்லென்று சிரித்தது. பதிவாளர் பேனாவை வாயருகே கொண்டுபோய்ச் சிரிப்பை மறைத்தார். மாமனாரோ அசரவில்லை, பக்கத்தில் நின்ற டீச்சரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக்குக் காது வரை சூடேறியது. மெதுவாகக் குனிந்து, “முன்பல்லுல ஒரு துளி இடைவெளி மாமா. சாயங்காலம் தேய்ச்சு சரி பண்ணிடறேன்” என்றார்.

“தொடக் கூடாது” என்றார் டீச்சர், பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே. “எனக்கு விசில் பிடிக்கும்.”