தென்கடலில் ஒரு வளையம்

எங்கள் வீட்டில் பரம்பரையாக இருக்கும் கடல் வரைபடத்தை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. கண்காட்சிக்குக் கொண்டுபோனபோதும் காரில் என் மடியில்தான் இருந்தது.

"பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை. நான் சட்டத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பதினெட்டாம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிவந்த ஒரு கடற்படைக் கப்பலில் எங்கள் மூதாதை ஒருவர் வழி கணிக்கும் அதிகாரியாக இருந்தார். போய்வந்த பாதையைச் சிவப்பு மையில் தன் கையால் வரைந்து வைத்தார். ஒரு முழம்கூட வழி தவறாதவர் என்று சொல்லித்தான் எங்கள் குடும்பத்துக்கு மரியாதை. அந்தப் பேச்சைக் காப்பது மூத்தவன் பொறுப்பு.

அருங்காட்சியகத்தில் பழைய தாள்களைச் சீர்செய்யும் அறையில் என் மருமகள் வேலை பார்க்கிறாள். அவள் பொறுப்பேற்று நடத்தும் முதல் கண்காட்சி இது. நடுச்சுவரை எங்கள் படத்துக்காகக் காலியாக விட்டிருந்தாள்.

"மாமா, கண்ணாடிக்குள்ள ஈரம் புகுந்திருக்கு. படத்தைச் சுத்தி வச்சிருக்கிற அட்டையை எடுத்தாகணும்."

"அதைத் தொடாதே. பின்பக்கம் மட்டும் துடைச்சாப் போதும்."

"அந்த அட்டைதான் ஈரத்தைக் குடிச்சு வச்சிருக்கு. இப்படியே விட்டா மை கரைஞ்சிடும்."

கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, மெல்லிய கத்தியை நுழைத்து அட்டையை மேலே தூக்கிவிட்டாள். கீழ் ஓரத்தில், தென்கடலில், சிவப்புக் கோடு எங்கோ விலகிப் போய், வளைந்து, தன்னையே வெட்டிக்கொண்டு பழைய இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

"ஐயையோ அண்ணா, நம்ம ஆளு வழி தெரியாம முழிச்சிருக்காரு!"

"மெதுவாப் பேசு."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"மூத்தவனுக்கு மட்டும் சொல்றது அது. அதுக்குத்தான் தாத்தா அட்டையை அகலமா வெட்டி வச்சார்."

"அதானே! எங்ககிட்ட சொன்னா ரகசியத்தை இடுப்புல கட்டிட்டு ஓடிடுவோம்."

நான் மருமகள் பக்கம் திரும்பினேன். "புது அட்டையை அதே அகலத்துக்கு வெட்டு. இல்லேன்னா படம் வீட்டுக்குத் திரும்பிடும்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "வெட்ட மாட்டேன் மாமா. என் கையால மறைச்சுட்டு, வந்து பாருங்கன்னு நாலு பேரைக் கூப்பிட முடியாது. எடுத்துட்டுப் போங்க." அவளுடைய நடுச்சுவர் வெறுமையாகிவிடும். ஆனாலும் கெஞ்சவில்லை.

படத்தை எடுக்கக் குனிந்தேன். கண்ணாடி இல்லாமல் அதை நான் பார்த்ததே இல்லை. நேரான இடங்களில் பேனா வேகமாக ஓடியிருந்தது. வளையத்தில் மட்டும் கை நிதானித்திருந்தது. மற்ற இடங்களைப் போலவே அங்கும் தேதிகளைப் பொடி எழுத்தில் விடாமல் குறித்திருந்தார்.

"இங்கே அவர் நேர்க்கோடு போட்டிருந்தா யாருக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது மாமா."

அவர் மறைக்கவில்லை. மறைத்தது நாங்கள். தாத்தா மேல் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது.

நிமிர்ந்து நின்றேன். "ஓரம் முழுசாத் தெரியணும். கீழே ஒட்டுற குறிப்பை எங்கிட்ட காட்டிட்டு ஒட்டு."

"என்ன எழுதட்டும்?"

"இங்கே வழி தவறினார், அதையும் அவரே வரைந்தார்னு எழுது. ஒருவேளை, கிருவேளை எல்லாம் வேண்டாம்."

"பார்க்கிறவங்க சிரிப்பாங்களே அண்ணா?" என்றாள் தங்கை.

"சிரிக்கிறவன் முதல்ல உலகத்தைச் சுத்திட்டு வரட்டும்."

புது அட்டைக்கு அளவெடுக்க, மருமகள் அளவுகோலை எடுத்துப் படத்தின் ஓரத்தில் வைத்தாள்.