பின்வரிசையில் கேட்ட சிம்மேந்திரமத்யமம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஒட்டுக்கேட்ட கதை. பிப்ரவரி மாதத்து ஞாயிறு பிற்பகல், தில்லியில் ஒரு பூங்காப் புல்வெளி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குழு ஒன்று ரோமா என்கிற நாடோடி மக்களின் இசையையும் யூதக் கல்யாணப் பாட்டுகளையும் வாசித்துக்கொண்டிருந்தது. எனக்கு முன்வரிசையில் ஒரு தமிழ்த் தம்பதி. நடுவில் அந்தக் கணவர் மனைவியைத் திட்டினார். நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி திட்டினார். அந்த அம்மாளுக்குக் கோபம் வரவில்லை. முகம் மலர்ந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திட்டு வாங்கியவருக்கு ஏன் அவ்வளவு நிம்மதி? எனக்குத் தெரியாது. தெரியாததால்தான் எழுதுகிறேன். பெயர்கள்கூட நான் வைத்ததுதான்: சுந்தரேஷ், கோமளா. (அவர் "கோமளா" என்று கூப்பிட்டதாக ஞாபகம். கோகிலாவாகவும் இருக்கலாம்.)

2

இப்படித் தொடங்கினேன்: "சுந்தரேஷுக்குச் சங்கீதம் என்றால் உயிர், மத்திய அரசு வேலை என்பது வெறும்..." வேண்டாம். ஆர்.கே.புரத்தில் குடியிருந்த பாதித் தமிழர்களைப் பற்றி இப்படி எழுதிவிடலாம்.

மறுபடி: "பனிக்காலத்துச் சளி ஒன்று போகிற போக்கில் சுந்தரேஷின் இடது காதைக் கெடுத்துவிட்டுப் போனது." இது பரவாயில்லை. இங்கிருந்து போகலாம்.

காது கேட்காமலே போயிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். கேட்டது. ஆனால் வலது காதில் ஒரு ஸ்ருதி, இடது காதில் ஒரு நூல் ஏறிய ஸ்ருதி.* பேச்சும் பஸ் ஹாரனும் குக்கர் விசிலும் எப்போதும்போல இருந்தன. இசை மட்டும் நாராசமாகிவிட்டது. மலை மந்திர் முருகன் கோயிலில் ஒரு கச்சேரிக்குப் போனவர், தம்பூரா ஒலித்ததுமே எழுந்து வெளியே வந்து, யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வீடு சேர்ந்தார். சின்ன வயதிலிருந்து ராகம் ராகமாகச் சேர்த்துவைத்த காது அது. இனிமேல் பாட்டே இல்லையா என்று பயந்துபோனார். பயத்தை யாரிடமும் சொல்லவில்லை. காது சரியில்லை, வீட்டில் பாட்டுப் போடக் கூடாது என்று மட்டும் சொன்னார்.

* இப்படி ஒரு கோளாறு நிஜமாகவே உண்டு. டாக்டர் நண்பரிடம் கேட்டேன். சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்றார். கதாசிரியனுக்கு இதைவிட வசதியான வியாதி கிடைக்காது.

3

கோமளாதான் எனக்குப் பிடிபடவில்லை. முதல் பிரதியில் அவளைப் பொறுமையின் வடிவமாக எழுதினேன். எனக்கே கொட்டாவி வந்தது. அடித்துவிட்டேன். அடுத்த பிரதியில் அவள் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

மகள் ஷ்வேதா குர்கானிலிருந்து அனுப்பும் ரெகார்டிங்குகள். யூதர்களின் கிளாரினெட், ரோமாக்காரர்களின் வயலின். கேட்டுக்கொண்டே சமைப்பாள். கரண்டி வாணலியில் ஏதோ தாளம் போடும். திடீரென்று தனக்குத்தானே "அடடா" என்பாள். பாட்டு இல்லாமல் அந்த "அடடா"வை மட்டும் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருப்பது சுந்தரேஷுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"அப்படி என்னத்தக் கேக்கற?"

"கல்யாணத்துல வாசிக்கற வயலினாம். அழறாப்ல ஆரம்பிச்சு, கடைசில குதிக்கறதுன்னா!"

கச்சேரிக்குக் கிளப்பியது ஷ்வேதா. "அப்பா, சலோ! உங்களுக்குத் தெரியாத மியூசிக்தானே? தப்பாக் கேட்டாலும் தப்புன்னு தெரியப்போறதில்ல. அம்மா ஒரே வயலின் டிராக்கை லூப்ல போட்டுக் கேட்டுண்டிருக்கா. அதை நேர்லயும் கேக்கட்டும்."

4

[இங்கே ஒரு பத்தி இருந்தது. ரோமாக்களின் மூதாதையர் இந்தியாவிலிருந்து போனவர்கள், இசை தாய்வீடு திரும்பிவிட்டது என்று. மேடையில் அறிவிப்பாளரும் ஹிந்தியில் அதைத்தான் சொல்லிக் கைதட்டல் வாங்கினார். போனவர்கள் போய் எத்தனையோ நூற்றாண்டாயிற்று; வாசிப்பது அவர்கள் இசை. நீக்கிவிட்டேன்.]

வெயில் இதமாக இருந்தது. முதலில் யூதக் கல்யாண நடனம். கிளாரினெட் கேவியது, பிறகு கெக்கலித்தது. சுந்தரேஷ் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. இங்குமங்கும் வழுக்கிப் போகும் இசை. எது பிசகு, எது அழகு என்று அவருக்குத் தெரியவில்லை, தெரியாததே சுகமாக இருந்தது. பக்கத்தில் ஒரு சர்தார்ஜி குடும்பம் எழுந்து ஆடவே ஆரம்பித்துவிட்டது. கச்சேரியில் ஆடுவதா என்று முகம் சுளித்தவரின் கை, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

பிறகு ரோமா வயலின்காரர் தனியாக எடுத்தார். நம் சபாக்களில் பாடகர் வாயைத் திறந்ததும் வரிசைக்கு வரிசை ஒரு கிசுகிசுப்பு ஓடுமே, என்ன ராகம் என்று? அது நம்மவர்களை எந்த ஊரிலும் விடாது. கோமளா அவர் பக்கம் சாய்ந்தாள்.

"ஏன்னா, ஷண்முகப்ரியா."

"சும்மா இரு."

"ஷண்முகப்ரியாவேதான். ஜோரா இருக்கு."

"சிம்மேந்திரமத்யமம்டி! நிஷாதத்தைக் கேளு. காதென்ன செவிடா நோக்கு?"

நான் ஒட்டுக்கேட்டது இவ்வளவுதான்.

(ராகம் தெரியாதவர்களுக்கு: இரண்டுக்கும் ஆறு ஸ்வரங்கள் ஒன்றே. நிஷாதம் மட்டும் வேறு. அதைப் பிரித்துச் சொல்லக் காது ஒழுங்காக இருக்க வேண்டும்.)

சொல்லி முடித்த பிறகுதான் சுந்தரேஷுக்கு உறைத்தது. ஒவ்வொரு காதாகப் பொத்திப் பார்த்தார். இரண்டிலும் ஒரே நிஷாதம்.

"கோமளா, கேக்கறதுடி" என்றார். அவள் ஷால் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்பாடா என்று எனக்கும் இருந்தது.

5

முடிவு ஒன்று: வீட்டுக்குப் போனதும் பழைய கச்சேரிப் பதிவு ஒன்றை ஓடவிடுகிறார், தம்பூரா சுத்தமாகக் கேட்கிறது. எழுதிப் பார்த்தால் மருத்துவமனை விளம்பரம் மாதிரி இருந்தது.

முடிவு இரண்டு: மறுநாள் காது பழையபடி ஆகிவிடுகிறது. இதை எழுத மனம் வரவில்லை. வேறு காரணம் கிடையாது.

மூன்றாவது, திரும்பும் மெட்ரோவில். சுந்தரேஷ் யோசித்துக்கொண்டே வருகிறார். அந்த வயலின் கோமளா தினமும் கேட்ட அதே பாட்டு. ராகம் கண்டுபிடிப்பதில் அவள் அவருக்கு இளைத்தவளும் இல்லை. தெரிந்தே தப்பாகச் சொல்லியிருந்தால்? "ஆமாம், ஷண்முகப்ரியா" என்று இவரும் தலையாட்டியிருந்தால், அவள் என்ன செய்திருப்பாள்?

"கோமளா, நிஜமாவே நோக்கு அது ஷண்முகப்ரியான்னா பட்டது?"

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? இரண்டு பதிலையும் எழுதி இரண்டையும் அடித்துவிட்டேன். நீங்களே அவளைப் பேசவிடுங்கள். எந்தப் பதிலானாலும், ரயில் போடுகிற சத்தத்தில் காதருகே சாய்ந்துதான் சொல்லியாக வேண்டும். அவள் அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். அதை மட்டும் நான் எழுதிவிட்டேன்.