பதினான்காவது விதியை வழிமொழிந்தவர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஒன்றே காலுக்கு, ஊரில் இருநூற்றுப் பதினான்கு பேருக்குக் கை தோளுக்கு மேலே எழாமல் நின்றுபோயிற்று. வலி இல்லை, வீக்கம் இல்லை. கை முன்னால் நீண்டது, பக்கத்தில் விரிந்தது, தோள்மட்டம் வரை சொன்னபடி கேட்டது. அதற்கு மேல் ஒரு விரற்கடை கூட நகர மாட்டேன் என்றது. அந்த இருநூற்றுப் பதினான்கு பேரும் ஒரே கட்சியின் உறுப்பினர்கள் என்பதும், ஒன்று பத்துக்குத்தான் அந்தக் கட்சி தன் பதினான்காவது விதியை நிறைவேற்றியது என்பதும் அன்றைக்கு யாருக்கும் உறைக்கவில்லை. விதியை வழிமொழிந்த பெயிண்டர் கட்சி அலுவலகத்தின் மாடிப்படி இறங்கி, தலையைச் சொறியக் கையைத் தூக்கிப் பார்த்தார். வரவில்லை. தலையைக் குனிந்து சொறிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார். பசி அப்படி.

அவர் வழிமொழிந்த கதையைச் சொன்னால்தான் அவர் மேல் கொஞ்சமாவது இரக்கம் வரும். மெத்தைக் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில், மின்விசிறி ஒன்று, ஜன்னல் இரண்டு, பத்து ஞாயிற்றுக்கிழமைகளாகக் கட்சிக்கு விதி எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைமை ஏற்பவரைத் தலைவர் என்பதா, பொதுச் செயலாளர் என்பதா என்று இரண்டு ஞாயிறு போனது. யாரையாவது நீக்குவதென்றால், நீக்கும் கூட்டத்துக்கு நீக்கப்படுபவர் வரலாமா, வந்தால் உட்காரலாமா என்று மூன்று ஞாயிறு. ராஜினாமாவைக் கூட ஓட்டெடுத்துத்தான் ஏற்க வேண்டும் என்று ஒன்பதாவது விதி போட்டார்கள். பெயிண்டர் தன் தெருவுக்கு விளக்கு வாங்கித் தந்தார்கள் என்பதற்காகக் கட்சியில் சேர்ந்தவர். விளக்கு வந்துவிட்டது, அவரால்தான் வெளியே வர முடியவில்லை. பத்தாவது ஞாயிறு, ஓய்வுபெற்ற தபால் அதிகாரி பதினான்காவது விதியைப் படித்தார்: "வாக்கெடுப்பு கை உயர்த்தியே நடைபெறும். தலைவர் தம் கையை உயர்த்திய பின்னரே உறுப்பினர் கை உயர்த்த வேண்டும்." கணக்கு டீச்சர் எழுந்து, "அது எதுக்கு அவரு முதல்ல..." என்று ஆரம்பித்தார். டீச்சர் ஆரம்பித்தால் மூன்று மணி ஆகும் என்பது பெயிண்டருக்குத் தெரியும். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள், "வழிமொழியறேன்!" என்று இவர் கத்திவிட்டார். தலைவர் கையை உயர்த்தினார். எல்லாரும் உயர்த்தினார்கள்.

வைத்தியர் ஆளுக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து அனுப்பினார். பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாமல் உறுப்பினர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கொடியில் துணி போட முடியாமல், தலை வார முடியாமல், பரணில் இருந்ததை எடுக்க முடியாமல் வீடுவீடாகப் புலம்பினார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து ஐந்துக்கு தூக்கிப் பார்த்தவர்கள் கை எல்லாம் திடீரென்று மேலே போனது. பத்து ஒன்பதுக்கு மறுபடி இறங்கியது. கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த டீச்சர் நேரத்தைக் குறித்துவைத்துக்கொண்டு விசாரித்தார். சைக்கிள் கடை வைத்திருந்த தலைவர், சரியாக அந்த நான்கு நிமிடமும் கையைத் தூக்கி, கொக்கியில் தொங்கிய டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம். வெள்ளிக்கிழமைக்குள் விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

தலைவர் கெட்டவர் அல்ல. பஞ்சர் ஒட்டக் காசு இல்லை என்றால் சும்மா ஒட்டிக்கொடுப்பவர். ஆனால் தன் கையை ஊரே பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்த பிறகு ஒரு மனிதன் எத்தனை நாள் மனிதனாக இருப்பான்? முதல் வாரம் கூச்சப்பட்டார், இரண்டாவது வாரம் நேர அட்டவணை போட்டார். காலை ஆறு முதல் ஏழு வரை தலை வாரவும் துணி காயப்போடவும், எட்டரை முதல் ஒன்பதரை வரை பேருந்துக்கு, மூன்று முதல் நான்கு வரை பொதுத் தேவைக்கு. அட்டவணையில் கையெழுத்துப் போட்டு அலுவலகக் கதவில் ஒட்டினார். ஒரு வருடத்துக்குள் கடையில் சைக்கிளோடு வந்தவர்களைவிட மனுவோடு வந்தவர்கள் அதிகமானார்கள். முறைத்தவர்களுடைய தெருவில் துணி காயப்போடுகிற நேரம் பார்த்துத் தலைவருக்குக் கை வலித்தது.

பெயிண்டர் அந்த ஒரு வருடமும் சுவரில் தோள் உயரம் வரை மட்டுமே அடித்தார். மேல்பாதி பழைய நிறம், கீழ்ப்பாதி புது நிறமாக ஊரில் பதினேழு வீடுகள் நின்றன. அவருக்கு 'அரைச்சுவர்' என்று பெயரே வந்துவிட்டது. ஏணியில் ஏறலாம் என்றால் மேல்படியைப் பிடிக்கவே கை எழாது. விட்டத்தை என்ன செய்வது? இருபத்தாறு வருடம் இதே வேலை, இன்னொன்று தெரியாது. அப்போதுதான் நூலகத்தின் பெரிய கூடத்து விட்டத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை வந்தது. மாதக் கடைசிக்குள் முடிக்காவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும், அதோடு இந்த ஊரில் அவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதாது என்று கூட்டத்தில் எழுந்து சொன்னார். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பொதுத் தேவை நேரத்தை விடியற்காலை ஐந்து முதல் ஆறு வரை என்று மாற்றினார். நூலகம் ஒன்பதுக்குத்தான் திறக்கும்.

விதியை நீக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மூன்று முறை தீர்மானம் வந்தது. "நானா வேணாங்கறேன்? ஓட்டுக்கு விடுங்க" என்று தலைவர் மூன்று முறையும் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஓட்டு கை உயர்த்தித்தான், கை அவர் உயர்த்திய பிறகுதான். இருநூறு பேர் தோள் துடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஆதரவு பூஜ்யம், எதிர்ப்பு பூஜ்யம் என்று தபால் அதிகாரி அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். கட்சியை விட்டுப் போய்விடலாம் என்றால் ராஜினாமாவுக்கும் அதே ஓட்டு. பெயிண்டருக்கு ஆத்திரம் தலைவர் மேல் பாதி, தன் வாய் மேல் பாதி.

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது, மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி அவருக்குப் பனியனைக் கழற்றிக்கொண்டிருந்தார். வருடம் முழுக்கக் கீழ்வழியாக உருவியது போதும் என்று அன்றைக்கு எரிச்சலில் கையைப் பிடித்து மேலே இழுத்தார். கை பூ மாதிரி மேலே போனது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னங்க இது, எனக்கு மட்டும் வருது?"

"நீ மெம்பர் இல்லையே."

"அடப்பாவிங்களா, ஒரு வருஷமா இதை ஒருத்தருக்கும் தூக்கிப் பாக்கத் தோணலையா? மனு எழுத மட்டும் தோணுச்சா?"

மனைவி கையை விட்டார், கை விழுந்தது. "ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றார். "வழிமொழியறதுக்கு இல்ல, பயப்படாதீங்க."

அந்த ஞாயிறு மெத்தைக் கடை மாடிக்கு நானூறு பேர் ஏறினார்கள். ஒவ்வொரு உறுப்பினருக்குப் பின்னாலும் உறுப்பினர் அல்லாத ஒருவர் நின்றார்: கணவர், மனைவி, மகள், மச்சான், மாமியார். யாருமில்லாத தபால் அதிகாரிக்குப் பின்னால் மெத்தைக் கடைக்காரர் நின்றார். பதினான்காவது விதியை நீக்குவது என்று டீச்சர் தீர்மானம் படித்தார். இருநூறு கைகள் பின்னாலிருந்து தூக்கப்பட்டு மேலே போயின. தலைவர் அசரவில்லை. "தலைவர் தூக்கின பிறகுதான்னு இருக்கு. இது செல்லாது" என்றார். விதிப்படி அது சரி என்று தபால் அதிகாரி தூக்கிய கையோடு ஒப்புக்கொண்டார். அப்போது வாசல் பக்கத்திலிருந்து தலைவருடைய மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவரும் உறுப்பினர் அல்ல.

"இந்தக் கையால வீட்ல ஒரு பல்பு மாத்தி ஒரு வருஷம் ஆச்சு" என்று சபைக்குச் சொன்னார். கணவரின் கட்டிய கையைப் பிரித்து, முழங்கையைப் பிடித்து நேரே மேலே தூக்கினார். தலைவர் இழுத்துப் பார்த்தார், பலிக்கவில்லை. எண்ணிக்கையில் மூன்று முறை தகராறு வந்து நாற்பது நிமிடம் ஆனது. அந்த அம்மாள் நாற்பது நிமிடமும் பிடியை விடவில்லை. தீர்மானம் நிறைவேறியது. இருநூற்றுப் பதினான்கு பேரும் தாங்களாகவே கையைத் தூக்கி இறக்கி, தூக்கி இறக்கிப் பார்த்தார்கள். பெயிண்டர் தலையை நிமிர்த்தி ஆசை தீரச் சொறிந்தார். கண் கலங்கியதைத் தூசி என்றார்.

தலைவருடைய மனைவி பிடியை விட்டார். தலைவர் கை மட்டும் இறங்கவில்லை; அந்த அம்மாள் பிடித்து இழுத்தும் இறங்கவில்லை.

எப்போது உயர்த்த வேண்டும் என்று எழுதினார்களே தவிர, எப்போது இறக்க வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதவில்லை என்பதைத் தபால் அதிகாரி அன்றே கண்டுபிடித்தார். தலைவர் உயர்த்திய கையோடு நடமாடினார். பேருந்துகள் அவருக்காக நின்றன, ஆட்டோக்கள் திரும்பின, சில நாளில் ஓட்டுநர்களும் பழகிக்கொண்டு நிற்காமல் போனார்கள். ஒற்றைக் கையால் சைக்கிள் வேலை நடக்காததால் கடையை மைத்துனர் பார்த்துக்கொண்டார். நான்காம் நாள் பெயிண்டர் கடை வாசலில் போய் நின்று, அந்தக் கையைக் கொஞ்ச நேரம் அளவெடுப்பதுபோலப் பார்த்துவிட்டு, "தலைவரே, சும்மாதானே இருக்கீங்க" என்றார்.

நூலகத்தின் விட்டம் மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போதே முடிந்தது. அலுக்காத, ஆடாத கை; வலிக்கவும் இல்லை. ஒரே சீராக அடித்திருப்பதை இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். அதற்குப் பிறகு ஊரில் எல்லா விட்டத்துக்கும் அந்த இருவரையே கூப்பிட்டார்கள். 'தலைவர் கையை இறக்கலாம்' என்ற தீர்மானம் முன்மொழியப்பட்டு ஆறு வருடமாக நிலுவையில் இருக்கிறது. வழிமொழிய ஆள் இல்லை.

"நீதான் கொஞ்சம் வழிமொழியக் கூடாதா?" என்று தலைவர் சாரத்தின் மேல் நின்று அவ்வப்போது கேட்பார்.

"பாக்கலாம் தலைவரே. அதெல்லாம் யோசிச்சுச் செய்யணும்" என்று பெயிண்டர் பிரஷை நனைத்து அந்தக் கையில் வைப்பார். "முதல்ல அந்த மூலையை முடிங்க."