ஊட்டமாக ஒரு கிட்னி

என் இரண்டு சிறுநீரகமும் கையை விரித்த பிறகு, தன்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று முன்வந்தவன் என் தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். சின்ன வயதில் அத்தனை ஒல்லி என்பதால் வீட்டில் அவனுக்குக் குண்டூசி என்று பெயர். தருகிறவன் சும்மா இருந்திருக்கலாம். அடுப்படியிலிருந்து என்னை விரட்டிவிட்டு முட்டையாக அவித்துத் தள்ளினான். காலையில் முட்டை வெள்ளை, மதியம் கோழி, சாயங்காலம் ஜிம். வந்ததும் டப்பாக்களில் இருந்து மாவை அள்ளிப் பாலில் கலக்கி ஒரே மூச்சில் குடிப்பான்.

"என்னடா, யாரையாவது அடிக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"உனக்குப் போய் வத்தலும் தொத்தலுமா ஒண்ணைத் தர முடியுமாக்கா? ஊட்டமா இருக்கட்டும்."

கிட்னி என்ன கறிக்கோழியா, தீனி போட்டு வளர்க்க? விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பு ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரைதான்.

கிரியாட்டினின் என்று ஒன்று உண்டு. சிறுநீரகம் கழிவை ஒழுங்காக வெளியேற்றுகிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். குண்டூசிக்கு அது ஏகத்துக்கும் ஏறியிருந்தது.

"இந்த நிலைமைல இவர்கிட்டேருந்து எடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டர்.

அவன் முகம் செத்துப்போனது. ஊசியும் குழாயுமாக டயாலிசிஸ் மெஷினோடு படுத்துக்கிடக்க நான் பழகிவிட்டேன். பக்கத்துப் படுக்கையில் இவனும் வந்து படுப்பானோ என்று நினைத்ததும் ஆத்திரம் தலைக்கேறியது.

"தின்னே கெடுத்துக்கிட்டியேடா, மடையா."

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன தின்னார்?"

ஒன்று விடாமல் சொன்னேன். டப்பாவில் என்ன மாவு என்று கேட்டார். ஒன்று புரதம், இன்னொன்று சதை ஏறுவதற்கான கிரியாட்டின் என்று குண்டூசி முனகினான்.

"அதானே பார்த்தேன். அந்தக் கிரியாட்டின் உடம்புல மாறி கிரியாட்டினினாத்தான் வெளிய வரும். கறியும் அதை ஏத்திவிடும். கிட்னி கெட்டாலும் ஏறும், இப்படிச் சாப்பிட்டாலும் ஏறும். எதுன்னு இப்போ சொல்ல முடியாது. எல்லாத்தையும் நிறுத்திட்டு, மத்தவங்க சாப்பிடுற மாதிரி சாப்பிடுங்க. மறுபடி பார்ப்போம்."

அந்தச் சில வாரங்கள் வீட்டில் அவன் பூனை மாதிரி நடமாடினான். தட்டில் எதைப் போட்டாலும் "இதைச் சாப்பிடலாமாக்கா?" என்பான். எரிந்து விழுவேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

மறு பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். "இறங்கிடுச்சு. வேற டெஸ்ட்லயும் பார்த்துட்டோம். ரெண்டு கிட்னியும் அருமையா வேலை செய்யுது."

அப்பாடா. போன உயிர் திரும்பி வந்தது. குண்டூசியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"ஆனா தம்பி, ஒண்ணைக் கொடுத்த பிறகு மிச்சம் ஒண்ணுதான். அவ்வளவு புரதத்தையும் அது தலையில கட்டக் கூடாது" என்ற டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிடலாமா?"

சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு.

"ரெண்டும் நல்லா இருக்கு டாக்டர். அவன்கிட்டயே இருந்துட்டுப் போகட்டுமே."

"வாயை மூடுக்கா" என்றான் குண்டூசி. பிறந்ததிலிருந்து என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவன். "அக்கா சொல்றதைக் காதுல வாங்காதீங்க டாக்டர். நாளைக் குறிங்க."

வாயை மூடிக்கொண்டேன். கண்ணைத்தான் மூட முடியவில்லை, கொட்டியது.