அலங்கோல கட்டிங்

என் கணவருக்கு மோசமாக முடி வெட்டத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, குறையாகத்தான் சொல்கிறேன். நாங்கள் பட்ட பாட்டுக்கெல்லாம் அந்த ஒரு குணம்தான் காரணம்.

சலூன் எங்களுடையது. நடுவில் ஒரு தட்டி. அந்தப் பக்கம் ஆண்கள், அவர் பொறுப்பு. இந்தப் பக்கம் பெண்கள், என் பொறுப்பு. நாற்காலியிலேயே குறட்டை விடுகிற ஆளுக்குக்கூட இரண்டு கிருதாவையும் சமமாக்காமல் அவர் எழுப்பிவிட மாட்டார். ஒருமுறை கடைக்குள் புகை வந்து எல்லோரும் வெளியே ஓடினோம். அவரோ வாடிக்கையாளரையும் கூட்டிக்கொண்டு வந்து நடைபாதையில் நிற்கவைத்து மீதியை முடித்தார்.

எங்கள் வட்டாரத்தில் நாய்கள் காணாமல் போக ஆரம்பித்த நேரம் பார்த்தா என் நாத்தனாருக்கு முட்டி ஆபரேஷன் வர வேண்டும்? என் கணவருக்கு அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார். அவரைத் தூக்கி வளர்த்தது இந்த அக்காதான். எனக்கு அண்ணி முறை. அதனால் அண்ணி பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அண்ணிக்குப் பிள்ளை குட்டி இல்லை, சீமாட்டிதான் எல்லாம். வெள்ளை வெளேரென்று, நடந்தால் தரை கூட்டுகிற அளவுக்கு முடி வளர்ந்த நாய். பெயருக்கு ஏற்ற திமிர். மனிதர்களில் அவள் மதிப்பது அண்ணியை; போனால் போகிறதென்று என் கணவரை. நான் சோறு வைத்தால், வைத்தவள் யார் என்று நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள்.

"தம்பி, எனக்கு எது ஆனாலும் பரவால்ல, இவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது," என்று அண்ணி நாயை ஒப்படைத்தார். "நான் வரும்போது இவ எதிர்ல நிக்கணும். இவ இல்லேன்னா நான் எதுக்கு மறுபடி நடக்கக் கத்துக்கணும் சொல்லு."

என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பூட்டையும் சங்கிலியையும் தேடினேன். ஏனென்றால் திருடன் எடுப்பதெல்லாம் இப்படிப்பட்ட நாய்களைத்தான். பக்கத்துக் கட்டிடத்துப் பல் டாக்டரின் புசுபுசு நாய் கேட்டுக்குள் கட்டியிருந்தபடியே காணாமல் போயிருந்தது. பேக்கரிக்காரம்மாவின் நாய் ஜன்னல் வழியாகப் போயிருந்தது. தெருவில் படுத்துக் கிடக்கும் சொறி நாய்களை ஒருவனும் சீண்டவில்லை.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காப்பது என்பார்களே, என் கணவர் அதையும் தாண்டிப் போனார். சங்கிலியின் ஒரு முனை சீமாட்டி கழுத்தில், மறுமுனை அவர் இடுப்பு பெல்ட்டில். முடி வெட்டுகிறவர் நாற்காலியைச் சுற்றித்தானே வர வேண்டும்? அவர் சுற்ற, நாய் எதிர்ப்பக்கம் சுற்ற, வங்கி மேனேஜர் ஒருவர் கட்டிங் முடியும்போது நாற்காலியோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தார். அவரை அவிழ்த்து அனுப்பியபிறகு நான் வாயைத் திறந்தேன்.

"அழகா இருக்கிறதாலதானேங்க தூக்கிட்டுப் போறான். அசிங்கமாக்கிடுங்க. எவன் தொடுவான்?"

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு சீமாட்டியை நாற்காலியில் ஏற்றி, கத்தரியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டினார். நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டுதான். முடித்துவிட்டு அவர் கண் திறந்தபோது நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பின்கழுத்திலிருந்து படிப்படியாக இறங்கிய முடி, நெற்றியில் ஒற்றைச் சுருள், காது இரண்டும் ஒரே அளவு. முன்பு வெறும் பணக்கார நாயாக இருந்தவள் இப்போது விளம்பரத்தில் வருகிற நாய் ஆகிவிட்டாள். தெருவில் போனவர்கள் நின்று போட்டோ எடுத்தார்கள்.

"கை கேக்க மாட்டேங்குது," என்றார் பரிதாபமாக.

"மெஷின என்கிட்ட குடுங்க."

அவர் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "வேணாம். நீ வெட்டி அக்கா பார்த்தா நெஞ்சே வெடிச்சிடும்."

திருடன் சுற்றும் தெருவில் வேண்டாம் என்று, சீமாட்டியை ஊரின் மறுகோடியில் டெய்லர் கடை வைத்திருக்கும் என் அண்ணன் வீட்டில் விட்டு வந்தார். மாடி வீடு, இரும்புக் கதவு. தினமும் போன் போட்டு, "மச்சான், அவகிட்ட போனைக் குடுங்க," என்பார். அந்தப் பக்கத்திலிருந்து 'வள்' என்று கேட்டால்தான் இவருக்குச் சாப்பாடு இறங்கும்.

நான் சொன்ன யோசனை தட்டியைத் தாண்டிப் பல் டாக்டர் காதில் விழுந்திருந்தது. புதிதாக வாங்கிய குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் வேணாம்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார். "நீங்க பண்ணுங்க."

பண்ணினேன். ஒரு காதில் முடி வைத்து மறு காதை மழித்தேன். முதுகில் அங்கங்கே வழுக்கை விட்டேன். பாட்டில்களின் அடியில் தங்கியிருந்த தலைச்சாயங்களை எல்லாம் ஒன்றாகக் கலக்கிப் பூசினேன். பிறந்த நிறம் துருப்பிடித்த தகரம். டாக்டரின் மனைவி அழுதுவிட்டார், டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த வாரமே என் பக்கத்து நாற்காலிகளில் பெண்களைவிட நாய்கள் அதிகம். 'அலங்கோல கட்டிங்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷத்தில் என் கைத்தொழிலை ஊர் மெச்சியது அப்போதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போனது. சட்டைப் பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பார், அதனால் பிஸ்கட்காரர். எந்த நாயும் அவரைப் பார்த்ததும் வாலை ஆட்டும். ஒருநாள் ஒரு நாயோடு வருவார், அடுத்த முறை வேறொன்றோடு வருவார். இது பெரியப்பா வீட்டு நாய், இது ஒன்றுவிட்ட தம்பி வீட்டு நாய் என்பார்.

"அடையாளமே தெரியக் கூடாதும்மா," என்பார். "காலம் கெட்டுக் கிடக்கு. எங்க பார்த்தாலும் திருடனுங்க."

"சொந்தக்காரங்களே வந்து பார்த்தாலும் தெரியாதுங்க ஐயா," என்று நானும் வாயெல்லாம் பல்லாகச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு பாசமான குடும்பம் எங்கே இருக்கிறது என்று வியந்ததோடு சரி. ஒரு மனிதனுக்கு இத்தனை சொந்தக்காரர்களா, அத்தனை பேரிடமும் நாயா என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை.

அண்ணி வருவதற்கு இரண்டு நாள் முன்னால் சீமாட்டியின் குரல் மாறிவிட்டது. போனை வைத்துவிட்டு என் கணவர் சொன்னார்: "தொண்டை கட்டியிருக்கு. வெந்நீர் குடுக்கச் சொல்லியிருக்கேன்."

அண்ணி வர வேண்டிய நாள் மதியம். என் கணவர் இனிமேல்தான் சீமாட்டியைக் கூட்டிவரக் கிளம்ப வேண்டும். அப்போது பிஸ்கட்காரர் ஒரு கூடையோடு என் பக்கம் வந்தார்.

"என் மச்சினிச்சி வீட்டு நாய். நல்லா அலங்கோலமா பண்ணிடுங்கம்மா," என்று துண்டை விலக்கினார்.

படிப்படியாக இறங்கிய பின்கழுத்து. நெற்றியில் ஒற்றைச் சுருள். கூடைக்குள்ளிருந்து இறங்கி, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள் சீமாட்டி.

கத்தினால் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவான். கதவு அவன் முதுகுப் பக்கம்தான் இருந்தது.

"இது கொஞ்சம் நேரம் பிடிக்கும் ஐயா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அதுவரைக்கும் அந்தப் பக்கம் ஒரு ஷேவிங் பண்ணிக்குங்க. காசெல்லாம் வேணாம்."

அவன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். ஓசி என்றால் திருடனுக்கும் இனிக்கத்தான் செய்கிறது. அவன் உட்கார்ந்து, கழுத்தில் துணி கட்டி, முகம் முழுக்க நுரை ஏறியதும் என் கணவரை வெந்நீர் எடுக்கிற சாக்கில் பின்பக்கம் இழுத்தேன்.

"சத்தம் போடாதீங்க. என் நாற்காலியில இருக்கிறது சீமாட்டி. உங்க நாற்காலியில இருக்கிறவன்தான் திருடன்."

"போடி. அவ மச்சான் வீட்ல இருக்கா. காலையிலகூட குரைச்சா."

"குரைச்சது எங்கண்ணன்," என்றேன். சின்ன வயதில் எதிர்வீட்டுக்காரரை ஏமாற்ற அவன் குரைத்த குரைப்பு எனக்கு மறக்குமா?

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. நான் பல் டாக்டருக்குச் செய்தி அனுப்பினேன். 'பாதிப் பல்லில் இருக்கிறேன், விடாமல் பிடித்து வையுங்கள், போலீஸையும் கூப்பிடுகிறேன்' என்று பதில் வந்தது.

தட்டி இருந்தாலும் எதிர்க் கண்ணாடியில் என் நாற்காலி அவனுக்குத் தெரியும். "ஆரம்பிச்சாச்சாம்மா?" என்று நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. வேறு வழியில்லை. மெஷினைப் போட்டேன். முடிந்தவரை மெதுவாக, ஒரு நூல் அளவுகூட வீணாக்காமல் வெட்டினேன். முதல் கொத்து விழுந்ததும் சீமாட்டி திரும்பி என்னைப் பார்த்தாள். இத்தனை நாளில் அவள் என்னைப் பார்த்தது அதுதான் முதல்முறை. பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றிவிட்டது.

அந்தப் பக்கம் சவரக் கத்தி தோலில் போகும் ஓசை.

"ஐயாவுக்கு நாய்னா உசுரோ?" என்றார் என் கணவர்.

"ஆமா தம்பி."

"எல்லாம் வாங்கினதா?"

"எல்லாம் அன்பா கிடைச்சது."

"தலையை ஆட்டாதீங்க. கத்தி தொண்டையில இருக்கு."

கண்ணாடியில் அவன் கண் கதவைத் தேடியது.

"தம்பி, எனக்கு ஒரு அவசர வேலை ஞாபகம் வந்துடுச்சு. அப்புறமா வரேனே."

"ஒரு பக்கம்தான் முடிஞ்சிருக்கு," என்றார் என் கணவர். "எங்க கடையில பாதியில எழுந்து போற பழக்கம் கிடையாது."

பல் டாக்டர் வந்தபோது கையில் ரப்பர் உறை, கூடவே வாய் நிறையப் பஞ்சோடு அவருடைய நோயாளி. பின்னால் ஒரு போலீஸ்காரர். இப்படிக் கையும் களவுமாக, அதுவும் முகத்தில் நுரையோடு எவனும் பிடிபட்டிருக்க மாட்டான். போலீஸ்காரர் தோளைத் தொட்டதும் என் கணவர் கையை உயர்த்தினார்.

"சார், ஒரு நிமிஷம். இடது கிருதா பாக்கி."

காத்திருந்தார்கள். பஞ்சு வாய்க்காரர்கூட நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தத் திருடன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி வண்டியில் ஏறினான். அவனுடைய ஷெட்டில் கிடந்த நாய்கள் அத்தனையும் என் கைவண்ணம். யார் நாய் எது என்று தெரியாமல் சொந்தக்காரர்கள் திணறினார்களாம். ஆனால் நாய்களுக்குத் தெரிந்திருந்தது. பல் டாக்டரின் பழைய நாய் அவர் மடியிலேயே ஏறிவிட்டது. பேக்கரிக்காரம்மா மட்டும் அன்றிலிருந்து என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

சீமாட்டி பிழைத்துவிட்டாள். அவள் முடிதான் பிழைக்கவில்லை. டாக்டரின் பாதிப் பல் அவ்வளவு நீளம். சாயம் பூசாமல் நிறுத்திக்கொண்டேன் என்பது மட்டும்தான் எனக்கு ஆறுதல்.

சாயங்காலம் அண்ணி ஊன்றுகோலோடு கடை வாசலில் இறங்கினார். ஓடிவந்து காலைச் சுற்றிய வழுக்கை உருவத்தைப் பார்த்தார். இரண்டு நாள் முன்பு கதவைத் திறந்து போட்டு நாயைத் தொலைத்துவிட்டு, இப்போது சேதி கேட்டு ஓடிவந்திருந்த என் அண்ணன் பேயறைந்த மாதிரி சுவரோடு சுவராக நின்றான். அவனுக்குத் தொண்டை இன்னும் சரியாகவில்லை.

"இவள வெட்டினது யாரு?" என்றார் அண்ணி.

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முன்னால் வந்தார்.

"நான்தான்க்கா."

தூங்குகிற ஆளின் கிருதாவைக்கூடக் கோணலாக விடாத மனிதர். அந்த மொட்டை முதுகையும், ஒரு காதில் தொங்கிய முடியையும் தன் கை செய்ததாக ஒத்துக்கொண்டார். இந்த மனிதரைக் கட்டிக்கொண்டதற்கு இன்னொரு ஜென்மமும் நாத்தனார் கொடுமை அனுபவிக்கலாம் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன்.

"பொய் சொல்லாதடா. உன் கைக்கு இது வராது," என்றார் அண்ணி. பிறகு என் பக்கம் திரும்பினார்.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். கூடை, நுரை, கத்தி, பாதிப் பல், எதையும் விடவில்லை. அண்ணி சீமாட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையைப் பிடித்து அழுத்தினார். "என் உசுர காப்பாத்திட்டம்மா," என்றார். நான் நெகிழ்ந்து போனேன்.

"ஆனா இந்தக் கோலத்துல இவள எங்க தெருவுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது. முடி வளர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும்."

"தாராளமா இருக்கட்டும் அண்ணி," என்றேன் சிரித்த முகமாக.

"இவள விட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போறது? நானும் இருக்கேன்."

என் கணவர் முகம் பூவாக மலர, பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் பின்னாலிருக்கும் எங்கள் படுக்கையறைக்கே போய்விட்டார். நான் அவர் பின்னாலேயே ஓடி, நாய்க்கு முடி வளர எவ்வளவு நாளாகும் என்று மெல்லக் கேட்டேன். முடியைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது.

"நீ ஓட்டின மெஷினுக்கா," என்றார், தலையணையைத் தட்டிப் போட்டபடி. "ஒரு வருஷம் ஆகும்."