மஞ்சள் டேப் இல்லாத மேகசின்

கப்பலூரில் மூடிக் கிடந்த நூல் மில் ஒன்றில் அன்று காலை பதினோரு மணிக்கு அதிரடிப்படைக் குழுவுக்கு ஒத்திகை. தீவிரவாதியாக நடித்தவன் சூரியபிரகாஷ். உள்ளே நுழைந்ததும் அவனைச் சுட வேண்டியவன் நல்லகாமன். இருவரும் ஒரே பேட்ச்சில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சூரியபிரகாஷின் மனைவி மீனாவுக்கும் நல்லகாமன் நன்றாகத் தெரிந்தவன்.

ஒத்திகைக்கு வெற்றுத் தோட்டாதான். சத்தம் மட்டும் வரும். அவற்றை அடைத்துத் துப்பாக்கியில் மாட்டும் மேகசின்களில் அடையாளத்துக்கு மஞ்சள் டேப் சுற்றியிருக்கும். ஆளுக்கு மூன்று.

ஆனால் விடிகாலையிலேயே குழுவை எழுப்பி, பரவை மார்க்கெட்டில் வெடிகுண்டு என்று வந்த போனுக்காக அனுப்பியிருந்தார்கள். நான்கு மணி நேரம் காய்கறி லாரிகளுக்கு அடியில் ஊர்ந்தும் ஒன்றும் அகப்படவில்லை. அங்கிருந்து நேராகக் கப்பலூர். நிஜத் தோட்டாக்களை வேனிலேயே ஒப்படைத்துவிட்டு மஞ்சள் டேப் மேகசின்களை வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் கொடுத்தாகிவிட்டது என்று நல்லகாமன் கையெழுத்தும் போட்டிருந்தான்.

முன் கதவருகே ஐந்து பேர் சுவரோடு ஒட்டி நின்றார்கள். முதல் ஆள் நல்லகாமன். அவனுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர் சரண்யாதேவி. பின் கதவில் ஏட்டு பாலகணேஷும் நான்கு பேரும். எதிரி குழுவின் ரேடியோவை முடக்கிவிட்டதாக ஒத்திகையில் வைத்திருந்ததால் வாக்கிடாக்கிகளை அணைத்திருந்தார்கள். பின் கதவில் சத்த வெடி வெடித்ததும் இரண்டு பக்கமும் பாய வேண்டும்.

சரண்யாதேவி ஒற்றை விரலைக் காட்டினார். ஒரு நிமிடம்.

நல்லகாமன் பழக்கத்தில் இடுப்புப் பையைத் தடவினான். மூன்று மேகசின்கள். மறுபடி தடவினான். துப்பாக்கியில் ஒன்று போக இரண்டுதானே இருக்க வேண்டும்? குனிந்து பார்த்தான். பையிலிருந்த மூன்றிலும் மஞ்சள் டேப். துப்பாக்கியில் இருந்ததில் இல்லை.

பரவையில் மாட்டியதை அவன் கழற்றவே இல்லை.

சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. கை தானாகவே அதைக் கழற்றியும்விட்டது. அப்போதுதான் பாலகணேஷின் நினைவு வந்தது. பின் கதவில் முதல் ஆளான அவரும் அதே வேனில், அதே தூக்கக் கலக்கத்தில் வந்தவர்தான்.

"ட்ரில் ஸ்டாப்!" என்று கத்தினான். "மேடம், நெசத் தோட்டா! என் துப்பாக்கில இருந்துச்சு!"

அதே நேரம் பின் கதவில் வெடி வெடித்தது. அவன் குரல் சரண்யாதேவியைத் தாண்டிப் போகவில்லை. துப்பாக்கியை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினான்.

புகைக்கு நடுவே சூரியபிரகாஷ், பிணைக்கைதியாக நடித்த பெண் காவலர் முனீஸ்வரியின் கழுத்தை வளைத்துப் பிடித்திருந்தான். எதிரே பாலகணேஷின் துப்பாக்கி உயர்ந்துகொண்டிருந்தது. நல்லகாமன் குறுக்கே பாய்ந்து கைகளை விரித்தான்.

"அண்ணே, சுடாதீங்க! ட்ரில் ஸ்டாப்!"

"என்னையவே ஏமாத்தப் பாக்குறியா மாப்ள?" சூரியபிரகாஷ் பின்னாலிருந்து விளையாட்டாக அவன் முதுகில் ஒரு குத்து விட்டான்.

பாலகணேஷின் விரல் விசையை விட்டு எடுபடவில்லை. முகமூடிக்குள் அவர் கண்கள் நல்லகாமனின் வெறும் கைகளைப் பார்த்தன. பிறகுதான் குழல் மெதுவாகத் தாழ்ந்தது.

வெளியே தார்ப்பாயில் எல்லா மேகசின்களையும் பரப்பினார்கள். பாலகணேஷுடையது அத்தனையும் மஞ்சள். மற்றவர்களுடையதும் மஞ்சள். தப்பானது ஒன்றே ஒன்றுதான்.

சூரியபிரகாஷ் அதைக் கையில் எடுத்தான். "ப்ளான்படி என்னைச் சுட வேண்டியது யாரு?"

"நாந்தான்."

"எம்புட்டுத் தூரத்துல?"

"பத்தடி."

சூரியபிரகாஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். முனீஸ்வரி தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"நீதான் கழட்டிட்டேல்ல, அப்புறம் எதுக்குக் கத்துன?" என்று கேட்டார் சரண்யாதேவி.

"அண்ணன் துப்பாக்கிலயும் இருந்திருந்தா, மேடம்?"

சூரியபிரகாஷ் கையிலிருந்த மேகசினை அவர் வாங்கிக்கொண்டார். "நான் எதையும் மறைச்சு எழுத மாட்டேன். விசாரணை முடியிற வரைக்கும் நீ டீம்ல கெடையாது."

"சரிங்க மேடம்."

கவச உடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறப் போனவனைச் சூரியபிரகாஷ் தடுத்தான். "வேன்ல போவாத. என் பைக்ல வா."

"எங்கடா?"

"எங்க வீட்டுக்கு. மீனா சோறாக்கி வச்சிருப்பா. நடந்ததை மட்டும் அவகிட்டச் சொல்லிராத, மாப்ள."

பைக் நெடுஞ்சாலையைத் தொட்டது. முன்னால் உட்கார்ந்திருந்தவனின் தோள்கள் விட்டு விட்டு நடுங்கின. நல்லகாமன் அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டான்.