பேட்டரிக்குப் போர்த்திய அங்கி

என் மனைவி துல்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வர வேண்டிய காலையில் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மறுநாள் வெள்ளை மாதம், எங்கள் புது வருஷம், பிறக்கிறது. கரிச் சுரங்கத்தை மூடிவிட்டு எல்லோரும் சொந்த ஊர்களுக்குப் போய்விட்டார்கள். நாற்பது கூடாரங்களில் மூன்றில்தான் புகை வந்துகொண்டிருந்தது. ஒன்று என்னுடையது. ஒன்று கடைக்காரி செர்மா அக்காவுடையது. கடைசியில் தனியாக நிற்பது லுவ்சனுடையது. லுவ்சன் என் மனைவியின் அண்ணன். அவரிடம் கார் இருக்கிறது. ஆனால் அவரும் நானும் பேசி இருபத்திரண்டு நாள் ஆகியிருந்தது.

முந்தின நாள் துல்மா போன் செய்திருந்தாள்.

"பன்னெண்டு மணிக்கு வார்டைப் பூட்டிருவாங்களாம். அதுக்குள்ள வந்தாத்தான் விடுவாங்க. இல்லாட்டி பெரிய வார்டுக்கு மாத்திட்டு, பண்டிகையெல்லாம் முடிஞ்சுதான் அனுப்புவாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். "நீயே வாய்யா."

நீயே என்று அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான் இல்லை. அவளுக்கு இருமல் முற்றியபோது மூன்று நாள் வீட்டு வைத்தியமே பார்த்தேன். வளைக்கரடிக் கொழுப்பு கொடுத்தேன், வோட்காவை நெஞ்சில் தேய்த்தேன், உப்பை வறுத்து ஒத்தடம் கொடுத்தேன். நாலாம் நாள் நான் குழிக்குள் கரி வெட்டிக்கொண்டிருந்தபோது லுவ்சன் வந்து பார்த்திருக்கிறார். என்னிடம் கேட்காமலே அவளைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நுரையீரலில் சளி கட்டியிருந்ததாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அவ்வளவுதான் என்றாராம் டாக்டர்.

திரும்பி வந்தவர் என் வாசலில் நின்று சொன்னார்: "வெளியில விட்டா பேட்டரி விறைச்சுப் போயிரும்னு உனக்குத் தெரியுது. பொழுது சாஞ்சா தூக்கிட்டு வந்து அடுப்போரமா படுக்க வெக்கிற. என் தங்கச்சிக்கு மூச்சு முட்டுறது மட்டும் மூணு நாளாத் தெரியல, இல்ல மாப்ளே?"

அன்றிலிருந்து நான் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டு வரவில்லை. மைனஸ் முப்பத்தெட்டு டிகிரிக் குளிரில் வெளியிலேயே கிடந்தது. அதனால்தான் அன்றைக்கு இந்த 'டிக்'.

டீசல் வண்டி. இன்ஜினுக்கு அடியில் ஊதுவிளக்கைப் பற்றவைத்துச் சூடு காட்டினேன். பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் அடுப்போரம் வைத்து, என் ஆட்டுத்தோல் அங்கியால் சுற்றினேன். ஒரு மணி நேரம் கழித்து மாட்டிப் பார்த்தால் 'டிக், டிக்'. ஒன்று கூடியிருந்தது. தள்ளிவிடலாம் என்றால் முழங்கால் அளவு பனி, ஆளோ நான் ஒருவன்.

செர்மா அக்கா கடைக்கு ஓடினேன்.

"அக்கா, ஆஸ்பிரின் இருக்கா?"

"யாருக்கு என்ன?"

"பேட்டரிக்கு."

"ஓட்டைக்கு ரெண்டு மாத்திரை, வெந்நீர்ல கரைச்சு ஊத்தணும். என் வீட்டுக்காரர் இருந்தப்ப அதான் செய்வார்."

"வண்டி கிளம்புச்சா?"

"ஒருக்கா கிளம்புச்சு. அன்னிக்கு சரிவுல நின்னுட்டிருந்துச்சு."

"பரவாயில்ல, குடுங்க."

"எங்க இருக்கு? நேத்து சாயங்காலம் உன் மச்சான் வந்து மொத்தத்தையும் வாங்கிட்டுப் போயிட்டார். தலைவலியாம்."

"நல்லா வலிக்கட்டும்."

"வாயைக் கழுவுடா சோய்ஜில். நாளைக்கு வெள்ளை மாசம்." திட்டிக்கொண்டே அக்கா ஒரு வோட்கா பாட்டிலை எடுத்தாள். "ஓட்டைக்கு ஒரு மூடி விடு, உள்ள உறையாது. அப்புறம் சுத்தியல் பிடியால நாலு பக்கமும் மெதுவாத் தட்டு. தூங்குறதைத் தட்டித்தானே எழுப்பணும்?" முதல் மூடியை அவளே குடித்தாள். "என்ன பாக்குற? கெட்டுப் போயிருக்கான்னு பாக்க வேணாமா?"

வீட்டுக்கு வந்து பேட்டரியை மறுபடி அடுப்போரம் வைத்து மூடி மூடியாக ஊற்றினேன். அவசரத்தில் அங்கியிலும் கொட்டியது. நாலு பக்கமும் தட்டினேன். சூடு போதாது என்று உப்பை வறுத்து, பழைய துணியில் மூட்டை கட்டினேன். முடிச்சுப் போடும்போதுதான் கவனித்தேன். அதே துணி. துல்மாவுக்கு ஒத்தடம் கொடுத்த துணி. அடுப்போரத்தில் அவள் படுத்திருந்த அதே இடம். சுற்றியிருந்ததும் அவளுக்குப் போர்த்திய அதே அங்கி. அன்றைக்கும் இப்படித்தான். கொழுப்பு, அப்புறம் வோட்கா, அப்புறம் உப்பு என்று ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் செய்துகொண்டே இருந்தேன். போய்க் கேட்க வேண்டிய இடத்துக்கு மட்டும் போகவில்லை.

மணி ஒன்பது. மூட்டையைக் கீழே போட்டுவிட்டு லுவ்சன் வீட்டுக்கு ஓடினேன்.

கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "சாத்து, சாத்து! இப்பத்தான் சூடேறுது."

"எது?"

அவர் கட்டிலில், அவருடைய கம்பளிக்குள், நரித்தோல் குல்லாய் போட்டுக்கொண்டு ஒரு பேட்டரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் காலியான ஆஸ்பிரின் அட்டைகள். அறை முழுக்க ஒரு புளிச்ச வாடை.

"உங்களுதுமா?"

"ம்."

"தலைவலின்னு சொன்னீங்களாம்."

"பேட்டரிக்குன்னு சொன்னா செர்மா ஊர் பூரா சொல்லிருவா."

"ஊர்ல நாம மூணு பேர்தான் இருக்கோம், மச்சான்."

"அதுல ஒருத்தன் நீதானே."

நான் தரையைப் பார்த்தேன். "எப்படி இறங்குச்சு?"

"நேத்து சாயங்காலம் கரிக்குவியல் பக்கம் வண்டியை நிறுத்தினேன். லைட்டை அணைக்கல."

"அங்க என்ன வேலை உங்களுக்கு?"

"அங்கேருந்து உன் வீட்டுப் புகை தெரியும்." குல்லாயைச் சரிசெய்வதுபோல் பேட்டரியைத் தடவினார். "வரலாமா வேணாமான்னு யோசிச்சிட்டு உக்காந்திருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"பேட்டரி சாகிற வரைக்கும்."

அப்புறம் அதைக் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார்.

"மச்சான், அன்னிக்கு நீங்க சொன்னது..."

"சரியா தப்பான்னு அப்புறம் பாப்போம். மணி என்ன இப்ப?"

"ஒன்பது தாண்டிருச்சு."

"உன் இன்ஜின் சூடா இருக்கா?"

"இருக்கு."

"அப்ப கிளம்பு. ஒண்ணுல வராதது ரெண்டுல வரும். எங்கிட்ட வயர் இருக்கு."

கரி இழுக்கும் சறுக்குப் பலகையில் அவர் பேட்டரியை வைத்து இருவரும் இழுத்தோம். வழியில் கேட்டேன். "மாத்திரை அத்தனையும் போட்டீங்களா?"

"ரெண்டை நான் முழுங்கிட்டேன். நிஜமாவே தலைவலி வந்துருச்சு."

என் பேட்டரியை வண்டியில் மாட்டி, அவருடையதைப் பக்கத்தில் வைத்து, பிளஸ்ஸோடு பிளஸ்ஸையும் மைனஸ்ஸோடு மைனஸையும் சேர்த்தோம். சாவியைத் திருப்பினேன். கிழட்டு ஒட்டகம் எழுந்திருக்க மனமில்லாமல் முனகுவதுபோல் முனகிவிட்டு நின்றது. இரண்டாம் தடவையும் அதேதான். லுவ்சன் பானெட் ஓரமாக வாயை வைத்து ஏதோ சொன்னார். வேண்டுதலா வசவா தெரியவில்லை. மூன்றாம் தடவை கரும்புகை கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்தது. வழியில் வண்டி நின்றால் வேண்டுமே என்று அவருடைய பேட்டரியைக் கழற்றி, என் அங்கியில் சுற்றி, வண்டிக்குள் காலடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம்.

அறுபது கிலோமீட்டர். பாதி வழியில் பாதையையே காணோம். அவர் இறங்கி முன்னால் நடந்து பனியை மிதித்துக் காட்ட, நான் பின்னால் ஓட்டினேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டே கால்.

"இன்ஜினை அணைச்சா போச்சு," என்றார் லுவ்சன். "ஒருத்தர் மிதிச்சிட்டே இருக்கணும். நீ இறங்கு."

"நீங்க போங்க மச்சான். உங்க தங்கச்சி."

"எனக்கும் போன் பண்ணினாடா. 'நீங்க வராதீங்கண்ணே, அவரே வரட்டும்'னா." என்னைத் தள்ளிவிட்டு என் இடத்தில் உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தார். "ஓடு."

நர்ஸ் கையில் பூட்டோடு நின்றாள். துல்மா பெஞ்சில் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் பாதியாகியிருந்தது.

"நேரமாச்சு," என்றாள்.

"பேட்டரி."

"அதானே! வேற என்ன சொல்லப்போற?"

இருபத்திரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "மூணு நாள் உன்னை அப்படிப் போட்டு வெச்சிருக்கக் கூடாது," என்றேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே காலை நீட்டினாள். "பூட்ஸை மாட்டி விடு. குனிஞ்சா மூச்சு வாங்குது."

தரையில் உட்கார்ந்து மாட்டிவிட்டேன். நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டியில் நான் ஓட்ட, அவள் எங்கள் இருவருக்கும் நடுவில். "அண்ணே, நீங்களுமா?" என்று ஒரு கேள்விதான் கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். காலை வைக்க இடம் தேடியவள் கீழே குனிந்து பார்த்தாள். "இதென்ன, பிள்ளை மாதிரி சுத்தி வெச்சிருக்கீங்க?"

நான் வண்டியை மெதுவாக்கி, ஒரு கையால் அங்கியை உருவி அவள் கால் இரண்டையும் சேர்த்துச் சுற்றினேன்.

"பேட்டரி குளிர்ந்துரும் மாப்ளே."

"குளிரட்டும்."

லுவ்சன் குனிந்து பேட்டரியைத் தூக்கித் தன் மடியில் வைத்து, தன் அங்கியின் பொத்தானைக் கழற்றி உள்ளே வைத்து மூடிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனதும் துல்மா மூக்கைச் சுளித்தாள். "அங்கியில வோட்கா வாடை. யாரு குடிச்சது?"

"பேட்டரி," என்றோம் இரண்டு பேரும்.

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடியுமோ என்று நானும் மச்சானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். இருமல் வரவில்லை. சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.